படகு விலை

ஆறு வருடம் தண்ணீர் படகுக்குள் இருந்தது,
படகு தரையில் இருந்தது.
பத்து மாவுங்கில் ஒரு கெத்தாபாங் மரத்தடியில்
மூன்று பழைய டயர்மேல் குந்திக்கொண்டு
பெய்த மழையையெல்லாம் கொசுவாக்கிக்கொண்டிருந்ததைச்
சுகாதார இலாகா கண்டுபிடித்துத்
தியோவுக்கு அபராதம் எழுதிய வாரம்தான்
நான் போய் விலை கேட்டேன்.

பதினெட்டு வருடம்
பூதக்கண்ணாடியில் சில்லுகளின் கீறலைத் தேடியவள் நான்.
ஆலையின் அந்த வரிசையை மூடியபோது
கையில் கொஞ்சம் காசு தந்து அனுப்பினார்கள்.
வளையல் வாங்கு என்றாள் அக்கா.
நான் வாங்கியது பதினாறடி ஃபைபர்,
பின்னால் இருமுகிற நாற்பது குதிரை.
சிவநேசனிடம் இரண்டாயிரம் வெள்ளி என்றேன்.
நான்கு நாள் மனிதர் பேசவில்லை.
இரண்டாயிரத்துக்கே நான்கு நாள்.

சிப்பி சுரண்டினேன். பிளக் மாற்றினேன்.
டாங்கியில் மிச்சமிருந்த பெட்ரோல்
வார்னிஷ் மாதிரி நாறியது.
முகப்பில் சிவப்பில் ஒரு பெயர்: கிம் லான்.
யாரென்று கேட்டதற்குத் தியோ
கடலைப் பார்த்தபடி
"எண்ணெய் கலக்கும்போது ஐம்பதுக்கு ஒன்று, மறக்காதே" என்றார்.
அழிக்கச் சிரட்டைத்தாள் எடுத்துப்போனவள்
அந்த எழுத்துகளைச் சுற்றி மட்டும் தேய்த்துவிட்டு வந்தேன்.

ஞாயிறு, ஏற்றம் ஏழே முக்காலுக்கு.
காரிலேயே உயிர்காப்புச் சட்டையைப் போட்டு
அதன்மேல் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு வந்தார் அவர்.
மடியில் காலி மைலோ டின்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.

கயிற்றை ஆறுமுறை இழுத்தேன்.
ஆறுமுறையும் தொண்டையைச் செருமியது, அவ்வளவுதான்.
ஏழாவதில்
நீலப் புகை, ஒரு குலுக்கல்,
சேற்றில் நின்ற கொக்குகள் மொத்தமும் மேலே.
நான் கத்தினேன்.
என்ன கத்தினேன் என்று நினைவில்லை.
கூண்டுமீன் பண்ணையில் தீனி போட்டுக்கொண்டிருந்தவன்
கைகாட்டினான்; கூப்பிட்டதாக நினைத்திருக்கலாம்.

இரண்டாம் பாலத்தை நெருங்கும்போதுதான் பார்த்தேன்:
எஞ்சின் முதுகில் ஒரு சின்னத் துளை,
அதிலிருந்து தண்ணீர் பீச்ச வேண்டும்.
பீச்சவில்லை.
ரப்பர் கருகும் வாடை.
அணைத்தேன்.

அப்புறம் சத்தமில்லை என்று எழுத ஆசை.
தலைக்குமேல் லோரிகள் தடதடத்தன,
தூண்களில் அலை சப்புக்கொட்டியது,
கால்விரல்களுக்கிடையே கடல்
குளிராக, மரியாதையாக ஏறிக்கொண்டிருந்தது.
மைலோ டின் வேலையைத் தொடங்கியது.

கொண்டை ஊசியை நிமிர்த்தித் துளையில் விட்டேன்.
உதிர்ந்தது மண்.
காய்ந்த செம்மண், சின்னச் சின்ன அறையாக.
"குளவிக்கூடு" என்றேன்.
"வீட்டில் கட்டினால் தொட்டில் ஆடும் என்பார்களே."
"எஞ்சினுக்குமா?" என்றார்,
டின்னை வெளியே கவிழ்த்தபடி.

பாலத்தின் நிழல் மெல்ல எங்களைத் தாண்டிப் போனது,
அல்லது நாங்கள் அதை.
அப்போது கேட்டார், நிமிராமலே:
"ரசீதைச் சட்டைப்பையோடு துவைத்துவிட்டாய்.
மலாயில் மூவாயிரத்து இரு… என்றிருந்தது.
மிச்சம் கரைந்துபோயிருந்தது.
இருபதா, இருநூறா?"

ஊசியைத் துளையிலிருந்து எடுத்தேன்.
துடைத்தேன். மறுபடி கொண்டையில் செருகினேன்.
செருக முடியவில்லை, வளைவு போய்விட்டது.

"இருநூறு."

ஒரு டின் மொண்டு ஊற்றினார்.
இன்னொன்று.
"இருபதாக இருக்கும் என்று நினைத்தேன்" என்றார்.
இன்னொன்று.

மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது.
துளை முதலில் துப்பியது,
பிறகு சேற்று நிறத்தில் ஒழுகியது,
பிறகு விரல் தடிமனில் வளைந்து விழுந்தது தாரை.
டின்னைக் கீழே வைத்துவிட்டுக்
கையை நீட்டி அதில் பிடித்தார்,
மருந்துக்கடையில் காய்ச்சல் பார்ப்பவர் மாதிரி.

"வெதுவெதுப்பாத்தான் இருக்கு."

கரைக்கா என்று கேட்டேன்.
மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்,
அது நின்றிருந்தது, உப்புத்தண்ணீர்.
"அந்தத் தீவு வரைக்கும் போய்ட்டு," என்று
ஜெரெஜாக் பக்கம் கைகாட்டிவிட்டு
டின்னை மறுபடி எடுத்துக்கொண்டார்.